ஒரு சாவிக்குப் பல மதிப்புகள், ஆனால் எதுவும் இருமுறை வரக்கூடாது: எந்தத் தரவுக் கட்டமைப்பு ஏற்றது?

கேள்வி

வணக்கம். பெரிய ஆவணத் தொகுப்பு ஒன்றுக்குச் சொல்லடைவு உருவாக்கும் நிரலை ஜாவாவில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு சொல்லும் ஒரு சாவி. அந்தச் சொல் இடம்பெறும் ஆவணங்களின் எண்கள் அதன் மதிப்புகள். ஓர் ஆவணத்தில் ஒரு சொல் எத்தனை முறை வந்தாலும் அந்த ஆவணத்தின் எண் அடைவில் ஒரே முறைதான் இருக்க வேண்டும். இப்போது ஹேஷ்மேப்புக்குள் (சாவிக்கு மதிப்பைச் சேமிக்கும் கட்டமைப்பு) அரேலிஸ்ட் என்ற பட்டியலை வைத்து, எண்ணைச் சேர்க்கும் முன் அது பட்டியலில் ஏற்கெனவே உள்ளதா என்று கன்டெய்ன்ஸ் மூலம் பார்க்கிறேன். அடிக்கடி வரும் சொற்களுக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போவதால் நிரலின் வேகம் மிகவும் குறைந்துவிட்டது. ஓர் ஆவணம் நீக்கப்பட்டால் அதன் எண்ணை அது இடம்பெற்ற எல்லாச் சொற்களிலிருந்தும் எடுக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. சி பிளஸ் பிளஸில் இதற்கென்றே, ஒரு சாவிக்குப் பல மதிப்புகளை ஏற்கும் மல்டிமேப் இருப்பதாக அறிகிறேன்; ஜாவாவின் அடிப்படை நூலகத்தில் அப்படி எதுவும் இல்லை. மேப்புக்குள் செட் (ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத தொகுப்பு) வைத்தால் போதுமா, அல்லது தனி நூலகம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமா?

மறுமொழி 1

பெரும்பாலான தேவைகளுக்கு மேப்புக்குள் செட் வைத்தாலே போதும். அரேலிஸ்டின் கன்டெய்ன்ஸ் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். ஹேஷ்செட்டில் எத்தனை உறுப்புகள் இருந்தாலும் அதே தேடல் சராசரியாக மாறாத நேரத்தில் முடிந்துவிடும். 2014இல் வந்த ஜாவா 8 முதல் மேப்பில் கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் என்ற மெத்தட் இருக்கிறது. சாவி இல்லையென்றால் புதிய ஹேஷ்செட்டை உருவாக்கி மேப்பில் வைத்து அதையே திருப்பித் தரும், இருந்தால் உள்ளதைத் தரும். அதன்மேல் ஆட் என்று அழைத்தால் ஒரே வரியில் வேலை முடிகிறது. ஆட் தரும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற விடையைப் பலர் கவனிப்பதில்லை. மதிப்பு புதிதாகச் சேர்ந்ததா, முன்பே இருந்ததா என்பதை அதுவே சொல்லிவிடுவதால், முன்கூட்டியே கன்டெய்ன்ஸ் அழைப்பது வீண் வேலை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சேர்ப்பது இந்தக் கட்டமைப்பின் எளிய பாதி. கடினமான பாதி நீக்குவதில் இருக்கிறது, நீங்கள் நீக்கத்தைப் பற்றியும் கேட்டிருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சொல்லின் செட்டிலிருந்து கடைசி ஆவண எண்ணை எடுத்த பிறகு, அந்தச் சொல் மேப்பில் வெற்றுச் செட்டுடன் தங்கிவிடும். அப்போது ‘இந்தச் சொல் அடைவில் உண்டா?’ என்று கன்டெய்ன்ஸ்கீ மூலம் கேட்டால் உண்டு என்ற தவறான விடை கிடைக்கும். சொற்களின் எண்ணிக்கையும் பிழையாகும். நீண்ட நாள் ஓடும் நிரலில் வெற்றுச் செட்டுகள் நினைவகத்தில் குவிந்துகொண்டே போகும். ஆகவே ‘மேப்பில் உள்ள எந்தச் சாவிக்கும் வெற்றுச் செட் இருக்கக்கூடாது’ என்பதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும்போது கம்ப்யூட்இஃப்பிரசென்ட்டைப் பயன்படுத்தி, எண்ணை எடுத்த பின் செட் காலியாக இருந்தால் நல் (null, ‘மதிப்பு இல்லை’) என்று திருப்பித் தந்தால், சாவியையும் மேப்பே அகற்றிவிடும்.

அடுத்தது, உள்ளிருக்கும் செட்டை அப்படியே வெளியே கொடுப்பது. தேடல் மெத்தட் உண்மையான செட்டையே திருப்பித் தந்தால், அதை வாங்கிய எந்தப் பகுதியும் அதில் எண்களைச் சேர்க்கலாம், நீக்கலாம்; மேலே சொன்ன விதி யாருக்கும் தெரியாமல் உடைந்துவிடும். படிக்க மட்டும் முடிகிற, மாற்ற முடியாத காட்சியாகச் (வியூ) சுற்றித் தருவது நல்லது. இவ்வளவையும் ஒவ்வோர் இடத்திலும் நினைவில் வைத்திருப்பதைவிட, மேப்பை ஒரு சிறிய கிளாஸுக்குள் மறைத்து, சேர், நீக்கு, தேடு என்ற மூன்று மெத்தட்களை மட்டும் வெளியே காட்டுவதையே நான் விரும்புவேன்.

அந்தக் கிளாஸை நீங்களே எழுத விரும்பாவிட்டால், கூகுளின் குவாவா நூலகத்தில் உள்ள செட்மல்டிமேப் அதே வேலையைச் செய்கிறது. கடைசி மதிப்பு போனதும் சாவியும் போய்விடும். இல்லாத சாவியைக் கேட்டால் நல் வராமல் வெற்றுச் செட் வரும், அப்படிக் கேட்பதால் சாவி எதுவும் உருவாகிவிடாது. வரிசை முக்கியமில்லை என்றால் ஹேஷ்மல்டிமேப், சேர்த்த வரிசை வேண்டுமென்றால் லிங்க்டுஹேஷ்மல்டிமேப், அகர வரிசை வேண்டுமென்றால் ட்ரீமல்டிமேப். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அதன் சைஸ் சாவிகளின் எண்ணிக்கையைத் தருவதில்லை. சாவி–மதிப்பு இணைகளின் மொத்த எண்ணிக்கையைத் தருகிறது. கெட் தரும் செட்டும் நகல் இல்லை, அதில் செய்யும் மாற்றம் மூலத்திலும் நிகழும்.

மறுமொழி 3

சி பிளஸ் பிளஸ் பற்றிய குறிப்பில் ஒரு திருத்தம் தேவை. அந்த மொழியின் மல்டிமேப் ஒரே சாவியையும் ஒரே மதிப்பையும் கொண்ட இணையை எத்தனை முறை கொடுத்தாலும் அத்தனை முறையும் சேர்த்துக்கொள்ளும்; தனித்தன்மையை அது காப்பதில்லை. அங்கு மேப்புக்குள் செட் வைப்பார்கள், இல்லையெனில் சாவியும் மதிப்பும் சேர்ந்த இணைகளையே ஒரு செட்டில் போட்டு, ஒரு சாவிக்குரிய இணைகள் தொடங்கும் இடத்தை லோயர்பவுண்ட் மூலம் கண்டுபிடிப்பார்கள். இந்த இரண்டாவது முறையில் வெற்றுச் செட் என்ற சிக்கல் எழவே வழியில்லை, ஏனெனில் இணை இருந்தால்தான் சாவி இருக்கும். தரவுத்தள அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து முதன்மைச் சாவியாக அறிவிப்பதும் இதே சிந்தனைதான்.

பைத்தானில் எழுதுவோர் டிஃபால்ட்டிக்ட்டுக்குள் செட் வைப்பது வழக்கம். அதில் இல்லாத சாவியைச் சதுர அடைப்பில் எழுதி வாசித்தாலே வெற்றுச் செட்டுடன் அந்தச் சாவி உருவாகிவிடும். வாசிப்பதற்கு கெட் மெத்தட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வெற்றுச் செட் பற்றிய விளக்கம் மிகவும் பயன்பட்டது. இன்னொன்றையும் கேட்கிறேன்: ஆவணங்களைப் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் படித்து அடைவில் சேர்க்குமாறு மாற்ற எண்ணுகிறேன். பல த்ரெட்கள் ஒருசேரப் பயன்படுத்தக்கூடிய கன்கரன்ட்ஹேஷ்மேப்புக்கு மாறினால் போதுமா?

மறுமொழி 4

மேப்பை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே இருக்கும் ஹேஷ்செட்டும் பல த்ரெட்களைத் தாங்க வேண்டும். அதற்கு கன்கரன்ட்ஹேஷ்மேப்பின் நியூகீசெட் உருவாக்கித் தரும் செட் பொருந்தும். அப்போதும் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. ஒரு த்ரெட் ஒரு சொல்லின் செட்டைக் கையில் வாங்கி, எண்ணைச் சேர்க்கப் போகும் அந்தக் கணத்தில், இன்னொரு த்ரெட் அந்தச் செட் காலியாகிவிட்டதைக் கண்டு சாவியை அகற்றிவிடலாம். அதன் பிறகு முதல் த்ரெட் சேர்க்கும் எண், மேப்பில் இல்லாத ஒரு செட்டுக்குள் போய்த் தொலைந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சேர்ப்பதையும் நீக்குவதையும் கம்ப்யூட் மெத்தட்டுக்கு உள்ளேயே முழுமையாகச் செய்தால் இந்த இடைவெளி அடைபடும், ஏனெனில் ஒரு சாவிக்கான கம்ப்யூட் முடியும்வரை அதே சாவியை வேறு த்ரெட் மாற்ற முடியாது.

ஆனால் உங்கள் வேலைக்கு இவ்வளவும் தேவையா என்று எனக்கு ஐயம். நீங்கள் கட்டுவது சொல்லடைவு. ஆவணங்களை எண் வரிசையில், ஒன்றை முழுவதும் முடித்த பின் அடுத்தது என்று படித்தால், ஒரு சொல்லுக்கு இரண்டாம் முறை வரக்கூடிய எண் அதன் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த எண்ணாக மட்டுமே இருக்க முடியும். பட்டியலின் கடைசி உறுப்பை மட்டும் ஒப்பிட்டாலே தனித்தன்மை உறுதியாகிவிடும், செட்டே வேண்டாம். பட்டியல் தானாகவே ஏறுவரிசையில் அமைவதால், இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் ஆவணங்களைத் தேடும்போது இரு பட்டியல்களையும் ஒருமுறை ஒருசேரக் கடந்தாலே விடை கிடைக்கும். நினைவகமும் ஹேஷ்செட்டைவிடக் குறைவாகவே செலவாகும். ஜாவாவின் ஹேஷ்செட் உள்ளே ஒரு முழு ஹேஷ்மேப்பைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பல த்ரெட்கள் வேண்டுமென்றால், ஆவண எண்களைத் தொடர்ச்சியான பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு பகுதியையும் தனி மேப்பையும் கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் பகுதிகளின் வரிசையில் பட்டியல்களை ஒட்டினால் ஏறுவரிசை கெடாது, த்ரெட்களுக்கிடையே பூட்டும் தேவைப்படாது.

நீக்கத்துக்கு லூசீன் தேடல் நூலகம் பின்பற்றும் முறையைப் பாருங்கள். ஓர் ஆவணத்தை நீக்கும்போது அது பட்டியல்களை உடனே தொடுவதில்லை. அந்த ஆவணம் நீக்கப்பட்டது என்று தனியாகக் குறித்து வைத்து, தேடல் முடிவிலிருந்து விலக்கிவிடுகிறது. அடைவின் பகுதிகள் பின்னர் ஒன்றிணைக்கப்படும்போதுதான் அந்த எண்கள் உண்மையில் களையப்படுகின்றன. உங்கள் நிரலில் நீக்கப்பட்ட எண்களுக்கு ஒரு பிட்செட்டும் (ஒவ்வோர் எண்ணுக்கும் ஆம்/இல்லை என்று மட்டும் குறித்து வைக்கும் கட்டமைப்பு), அவ்வப்போது அடைவை மீண்டும் கட்டும் ஒரு மெத்தட்டும் இருந்தால் அதே பயன் கிடைக்கும். நீக்கிய எண்ணைப் புதிய ஆவணம் எதற்கும் மீண்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் பழைய சொற்கள் அந்தப் புதிய ஆவணத்தைக் காட்டத் தொடங்கும்.