டேப்பட் கவருக்கு வீட்டிலேயே பவுடர் கோட்டிங்: ‘சூலூர் குடும்பம்’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிரகாஷ்: மாமா, பழைய ஹோண்டா சிட்டி 1.5 டேப்பட் கவரை, அதான் இன்ஜின் உச்சியில இருக்கற மூடியை, கழட்டியாச்சு. பெயின்ட் பூரா உரிஞ்சு கெடக்கு. பவுடர் அடிக்கற கன்னும், வேகவெக்க 60 லிட்டர் ஓடிஜி அவனும் வந்துருச்சு. சிவப்பு பாலியஸ்டர் பவுடர் 1 கிலோ இருக்கு. கழுவிட்டு நேரா பவுடரை அடிச்சு அவன்ல உருக்கிறலாமா?

பிரகாஷ்: 📷 படம்

சண்முகம் மாமா: நேரா அடிச்சீங்கன்னா கொப்பளம் கொப்பளமா வரும் மாப்ளை. அது வார்ப்பு அலுமினியம். உள்ள நுணுக்கமா காத்துக்குமிழி இருக்கும், வருசக்கணக்கா ஆயில் அதுல ஊறியிருக்கும். 200 டிகிரியில பவுடர் உருகறப்ப அந்த ஆயிலும் காத்தும் வெளிய வரும். ஆப்பத்து மேல இருக்கற ஓட்டை மாதிரி ஆயிரும்.

கார்த்தி: அதுக்கு முன்னாடி கவரைத் திருப்பு. உள்பக்கம் ஒரு தகடு இருக்குதா? பேஃபில் பிளேட்டு, ஆயில் தெறிக்கறதைத் தடுக்கற தகடு. ஸ்க்ரூவா ரிவெட்டா?

பிரகாஷ்: ஸ்க்ரூதாண்ணா.

கார்த்தி: தப்பிச்ச. இம்பேக்ட் ஸ்க்ரூடிரைவர்ல ஒரு தட்டு தட்டிக் கழட்டு, சும்மா திருகினா தலை வழுக்கிரும். அந்தத் தகடு இருக்கறப்ப, பழைய பெயின்ட்டை எடுக்க மணலைக் காத்துல அடிக்கற சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் குடுக்கவே கூடாது. மணல் பின்னால போய் ஆயில் பிசுக்குல ஒட்டிக்கும், எத்தனை காத்தடிச்சாலும் வராது. வண்டி ஓடி சூட்டு ஆயில் தெறிக்கறப்பதான் கொஞ்சங்கொஞ்சமாக் கீழ விழும். கேம் ஷாஃப்ட் சுத்தற ஜர்னல், பேரிங் ரெண்டும் காலி. ரிவெட் அடிச்ச கவரா இருந்தா பெயின்ட் உரிக்கற கெமிக்கல் ஸ்ட்ரிப்பர், ஸ்காட்ச் பிரைட், எமரி. அதோட சரி.

சுதா அத்தை: பிரகாஷு, ஓடிஜின்னியே, எந்த ஓடிஜி? உங்கம்மா கேக்கு செய்யறதா?

பிரகாஷ்: இல்லைங்கத்தை, புதுசு. ஷெட்டுல இருக்கு 😅

சுதா அத்தை: அப்ப சரி. பவுடர் வெந்த அவன்ல அப்புறம் எந்தக் காலத்துலயும் சாப்பாடு கூடாது. மேல எழுதி ஒட்டிரு.

சண்முகம் மாமா: கழுவறதுக்கு காஸ்டிக் சோடா போட்றாதீங்க. இரும்புக்கு ஓகே. பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் கவர் இரும்புத் தகடு, அது தாங்கும். அலுமினியத்தை அரிச்சுக் கறுப்பாக்கிரும், ஹைட்ரஜன் வேற கிளம்பும். மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு பிரஷ், அப்புறம் வெந்நியும் சோப்பும் ரெண்டு தடவை. ஆயில் மூடி, கேஸ்கெட், ஸ்பார்க் பிளக் டியூப் சீல், ரப்பர் எது இருந்தாலும் வெளிய வந்துரணும்.

சண்முகம் மாமா: பிளாஸ்டிங்குக்கு அலுமினியம் ஆக்சைடு 80லிருந்து 120 மெஷ்ஷுன்னு கேட்டு வாங்குங்க. கிளாஸ் பீடு அடிச்சா பளபளன்னு அழகா இருக்கும், ஆனா பவுடர் புடிக்கறதுக்குச் சொரசொரப்பு பத்தாது. கேஸ்கெட் உக்கார்ற பள்ளத்தை டேப் போட்டு மூடித்தான் குடுக்கணும்.

பிரகாஷ்: பிளாஸ்டிங் முடிஞ்சதும் அடிச்சுறலாங்ளா?

சண்முகம் மாமா: அவசரம்! பிளாஸ்டிங் முடிஞ்சா வெறுங்கையில தொடக்கூடாது, கை எண்ணெய் பட்ட எடத்துல பவுடர் விலகிக் குழியாயிரும். க்ளவுஸ் போட்டு, நூல் விடாத துணியில அசிட்டோன் நனைச்சுத் துடைங்க. அசிட்டோன் முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் அவன்ல வெக்கணும்.

சண்முகம் மாமா: வெறும் கவரை 220 டிகிரியில 1 மணி நேரம். பவுடர் வேகற சூட்டைவிட 20 டிகிரியாச்சும் தூக்கலா இருக்கணும், இல்லைன்னா இப்ப வராத கேஸ் அப்ப வரும். வெளிய எடுத்தா காப்பிக் கலர்ல கறை தெரியும். மறுபடி அசிட்டோன், மறுபடி 220. கறை வராம நிக்கற வரைக்கும் இதேதான். இதுல சோம்பேறித்தனம் பட்டா பின்னால எந்த வித்தையும் காப்பாத்தாது.

கார்த்தி: ஓடிஜி கதவை மூடிப் பாத்தியா? கவர் நீளம், சாச்செல்லாம் வெக்க முடியாது. ஹீட்டர் கம்பியில இருந்து நாலு பக்கமும் 5 செமீ எடம் வேணும். ஒட்டி இருந்தா அந்தப் பக்கம் மட்டும் கருகி, இந்தப் பக்கம் வேகாம இருக்கும்.

பிரகாஷ்: அளந்தேன், இருக்கு. கம்பிக்கு முன்னால தகடு மறைப்பு வெக்கறேன்.

கார்த்தி: 2000 வாட்னா 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட்ல சொருகாத, 16 ஆம்பியர்ல போடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

பிரகாஷ்: டேப்பு? மாஸ்கிங் டேப் இருக்கு.

சண்முகம் மாமா: பேப்பர் டேப் கருகி ஒட்டிக்கும். மஞ்சளா கண்ணாடி மாதிரி இருக்குமே, பாலிஇமைடு டேப், 260 டிகிரி தாங்கும். போல்ட் ஓட்டைக்கும் மரைக்கும் சிலிகான் பிளக். கேஸ்கெட் பள்ளம், பிளக் டியூப் சீல் உக்கார்ற எடம், ஆயில் மூடி மரை, நட்டு அமர்ற முகம், உள்பக்கம் முழுசும் மறைங்க. பள்ளத்துல பவுடர் ஏறினா ரப்பர் சரியா அமராது, ஆயில் கசியும்.

சண்முகம் மாமா: கன்னோட எர்த் கிளிப்பை கவர் மேல மாட்டுங்க, இல்லைன்னா கவர் தொங்கற கொக்கியில. கொக்கியில பழைய பவுடர் இருந்தா சுரண்டிட்டு மாட்டுங்க. பவுடர் மின்சாரத்துலதான் ஒட்டுது, எர்த் இல்லைன்னா ஒட்டாது, உதிரும்.

கார்த்தி: கம்ப்ரசருக்கு, காத்துல இருக்கற தண்ணியைப் புடிக்கற வாட்டர் ட்ராப் இருக்கா?

பிரகாஷ்: இருக்கு. பிரஷர் எவ்வளவு?

சண்முகம் மாமா: இந்தச் சின்ன கன்னுக்கு 8 – 10 பிஎஸ்ஐ போதும். ஜாஸ்தி வெச்சா காத்தே பவுடரைத் தள்ளி விட்ரும். ஹோண்டா எழுத்துக்கு நடுவுல, ரிப்புக்கு நடுவுல இருக்கற மூலைங்களை மொதல்ல அடிங்க. மின்சாரம் மேட்டைத்தான் தேடிப்போகும், பள்ளத்துக்குள்ள பவுடர் எறங்காது. கன்னைக் கிட்ட கொண்டுபோய் காத்தைக் கொறைச்சு மெதுவா. வோல்டேஜ் கொறைக்கற கன்னா இருந்தா கொறைங்க. மொத்தம் 60 – 80 மைக்ரான் இருந்தா நல்லா இருக்கும். தடிமனா ஏத்தினா ஆரஞ்சுத் தோலாட்டம் வரும்.

சுதா அத்தை: மாஸ்க் சொல்லவே இல்லையே? என்95 போடுப்பா. அந்த ஷெட்டுல சாமி படத்துக்கு விளக்கு எரியுது, அதை அணைச்சிரு. பறக்கற பவுடர்ல நெருப்பு பட்டா வெடிக்கும். கேஸ் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்துல கூடாது.

சண்முகம் மாமா: அவ சொல்றது சரி. அடிக்கறப்ப ஓடிஜியும் ஆஃப்ல இருக்கணும், தள்ளியும் இருக்கணும்.

பிரகாஷ்: வேகறது 200 டிகிரி 10 நிமிசம்னு பாக்கெட்ல போட்டிருக்கு.

சண்முகம் மாமா: அது உலோகத்தோட சூடு, அவன் டயலோட சூடு இல்லை. கவர் 200க்கு வந்த நிமிசத்துல இருந்துதான் 10 எண்ணணும். அவன் சூடாகறதுக்கே நேரம் ஆகும். தொடாம சூடு பாக்கற கன் தெர்மாமீட்டரைப் பவுடர் மேல காட்டுங்க. வெறும் அலுமினியத்துல காட்டினா ரொம்பக் கம்மியாக் காட்டும். போல்ட் ஓட்டையில கே டைப் தெர்மோகப்பிள், அதான் சூடு அளக்கற வயரு, ஒண்ணு சொருகிட்டா சந்தேகமே இல்லை.

சண்முகம் மாமா: ஆறினதும் அசிட்டோன் துணியில மறைவா ஒரு மூலையில தேய்ங்க. பளபளப்பு லேசா மங்கினா பரவால்ல. சிவப்பு தாராளமா துணிக்கு வந்தா வேகல, மறுபடி உள்ள வைங்க.

பிரகாஷ்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் இதுலயே...

கார்த்தி: 😂 அங்க சூடே 500க்கு மேல போகும். சாதா பாலியஸ்டர் கருகி உரிஞ்சிரும். அதுக்குன்னு சிலிகான் பவுடர் தனி, இல்லைன்னா செராமிக் கோட்டிங். ரப்பர் வெச்ச இன்ஜின் மவுன்ட்டும் உள்ள வெக்காத. ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போடலாம், எர்த் ஆகற போல்ட் முகத்தை மட்டும் மறைச்சிரு.

கார்த்தி: பூட்டறப்ப பேஃபில் தகட்டுக்கு அடியில சீலன்ட் மெல்லிசா. புது கேஸ்கெட். கேம் ஹோல்டர் மூலைங்கள்ல சீலன்ட் ஒரு பொட்டு. கவர் நட்டு 9.8 நியூட்டன் மீட்டர், நடுவுல இருந்து வெளிய, ரெண்டு மூணு சுத்தாக. அதுக்கு மேல முறுக்கினா கவர் கோணிக்கும்.

பிரகாஷ்: தகட்டு ஸ்க்ரூ கழராம இருக்க லாக்டைட் பசை நீலமா சிவப்பாண்ணா?

கார்த்தி: நீலம். மரையில ஆயில் இல்லாமத் துடைச்சிட்டுப் போடு, இல்லைன்னா புடிக்காது.