வீட்டின் குறையை வாங்குபவரிடம் நாமாகச் சொல்ல வேண்டுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வேலூரில் பாலாற்றுக்கு அருகே என் தந்தையார் கட்டிய வீட்டை விற்கப்போகிறேன். 2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது பின்கட்டு அறையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அன்றுமுதல் மழைக்காலந்தோறும் அந்தச் சுவரில் ஓதம் ஏறி, பூச்சு உள்ளங்கையளவு பொருக்குகளாக உதிர்கிறது. வெள்ளையடித்துவிட்டால் தெரியாது, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் தரகர். வாங்க வருபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடை முழுவதையும் இதில் போடுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

பதில்:
சொல்லத்தான் வேண்டும், ஐயா. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், அதை விற்பவர் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது மோசடி என்றே அப்பிரிவு கருதுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஓதத்தைக் கவனிப்பது வாங்குபவர் பொறுப்பு என்று ஒருவேளை வாதிடலாம். வெள்ளையடித்து மறைத்துவிட்டால் அந்த வாதமும் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். அவர் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை உண்மையாகப் பதில் சொல்வதும் இதே பிரிவு விதிக்கும் கடமைதான். வெள்ளம் புகுந்ததை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பிற்பாடு உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு. விற்பனை நாள்வரையிலான வீட்டு வரி பாக்கியும் உங்களைச் சேர்ந்தது.

மற்றொரு பதில்:
வாங்கிப் பட்டவன் என்பதால் சொல்கிறேன். சத்துவாச்சாரியில் நான் வாங்கிய வீட்டுக்கு வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பத்திரம் பதிந்த மறுவாரம், மாடியில் குடியிருந்த அம்மா இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய போக்கியப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டி, தம் 4 லட்சத்தைக் கேட்டார். பதிவான ஆவணங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். இத்தகைய போக்கியம் அதில் வராது. குடியிருப்பவரை நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலையில் கழித்திருப்போம், அந்த அம்மாவும் ஓராண்டு அலைந்திருக்க மாட்டார்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெள்ளையடிப்பதை நிறுத்திவிட்டேன். ஞாயிறன்று ஆசிரியரை அழைத்துச் சென்று, தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் காட்டினேன். கையால் தடவிப் பார்த்தார். கொத்தனாரோடு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை முன்பணம் வாங்குவதாக இல்லை.