சீனாய் மலை ஏறினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அண்ணாங்களா அக்காங்களா, ஒரு ஹெல்ப். நாங்க ராயபுரம். வர்ற ஜனவரில சர்ச் டூர்ல எகிப்து போறோம், அதுல மோசேக்கு பத்து கட்டளை கிடைச்ச சீனாய் மலையும் இருக்கு. அம்மாக்கு 61 வயசு, முட்டி வலி வேற, ஆனா உச்சிக்கு போயே தீருவேன்னு ஒரே அடம். 2,285 மீட்டர் மலை, பாலைவனம், ராத்திரி 2 மணி போல ஏற ஆரம்பிச்சாதான் மேல சூரியன் உதிக்கிறத பாக்கலாமாம். பழைய படிக்கட்டு வழில 3,750 படியாம், அது நமக்கு வேணாம். ஒட்டகப் பாதை வழியா போனாலும் கடைசி 750 படி நடந்துதான் ஆகணும், அங்கதான் பயமே.

இங்க ஏது மலை, எங்க ஹவுசிங் போர்டு மாடிப்படிதான் டெய்லி ரெண்டு தடவ ஏறி இறங்குறாங்க, மூணாவது மாடில நின்னு கைப்பிடிய புடிச்சிட்டு "இன்னும் எவ்ளோடா"ன்னு கேக்குறாங்க.

போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, ஒட்டகத்துல ஏறி உக்காறது முட்டி வலிக்காரங்களுக்கு முடியுமா, அந்த 750 படி எவ்ளோ உயரம், கைத்தடி ஒண்ணு போதுமா ரெண்டா? அப்புறம் குளிரு. மைனஸ்ல போகுமாம், மார்கழிக்கே மப்ளர் சுத்துற ஆளு அவங்க. பர்மா பஜார் ஜாக்கெட் தாங்குமா?