புதுப்பிப்பு: மழைக்காட்டு அருவியில் லென்ஸில் ஆவி படிவது நின்றது

மழைக்காட்டுப் பூங்காவில் அருவிகளைப் படமெடுக்கப் போனால் லென்ஸில் ஆவி படிகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது இதுதான்: ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை எடுக்காமல், பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவைப்பது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிட்டால் ஈரம் படிவதில்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களால் பெரிய பயன் தெரியவில்லை. லென்ஸின் முன் போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டச் சொன்ன யோசனை அருமை. நனைந்த இலைகளின் மினுக்கம் அடங்கிப் பச்சை துலங்கியது.

எதிர்பாராதது: தலைக்கு மேல் நல்ல வெயில், ஆனால் தடாகம் திடீரெனக் கலங்கிச் சருகுகள் மிதந்து வந்தன. மலையில் மழையாம். காவலர் விசிலடித்து எல்லோரையும் கரையேற்றினார். சற்று நேரத்தில் நாங்கள் நின்ற பாறையே நீருக்குள் போய்விட்டது.

ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிகள் ஏறாமலிருக்க, நீளக் காலுறையைப் பேண்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டதே போதுமாக இருந்தது.