சாரா ஜேனை நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை

குழு: ஈலிங் – டொரன்டோ சொந்தங்கள்
ஏப்ரல் 19, ஞாயிறு

துவாரகா: எலிசபெத் சிலேடன் போய் இன்றைக்கு 15 வருடம். எங்கள் சாரா ஜேன். விடிய எழும்பி பிபிசி ஐபிளேயரில் பழைய பகுதிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாந்தி மாமி: ஆழ்ந்த அனுதாபங்கள் 🙏 ஆத்மா சாந்தியடையட்டும். உன்னோடு படித்த பிள்ளையோ?

அபி: மாமி 😂😂 டொக்டர் ஹூவில் நடித்தவர்.

சாந்தி மாமி: சரி, யாராக இருந்தால் என்ன, அனுதாபம் அனுதாபம்தான்.

தேவன் மாமா: சாந்திக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டொக்டர் என்பவர் வேற்றுக்கிரகத்து ஆள். நீலப் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தைத் தாண்டி எங்கேயும் போவார். 1963இலிருந்து பிபிசியில் ஓடுகிற கதை. துணைக்கு எப்போதும் யாராவது ஒருவர் போவார்கள். அந்த வரிசையில் சாரா ஜேன் ஸ்மித்துக்கு மேல் ஒருத்தி இல்லை. 1973 டிசம்பரில் வந்தார்.

அபி: மாமா, அந்தக் காலத்தில் துணைக்குப் போகிற பெண்களுக்கு வீரிட்டுக் கத்துவதும் அகப்படுவதும்தானே வேலை?

தேவன் மாமா: கத்தினார்தான். எல்லாரையும் கத்த வைத்தார்கள். ஆனால் முதல் கதையில் எப்படி உள்ளே வருகிறார் என்று பார். பத்திரிகையாளர். விஞ்ஞானிகளைக் காவலில் வைத்திருக்கிற இடத்துக்குள், அத்தை லவீனியாவின் பெயரைச் சொல்லி நுழைகிறார். அத்தை வைரஸ் ஆராய்ச்சிக்காரி. டொக்டர் கோப்பி போடச் சொன்னதற்கு அவர் திருப்பிக் கொடுத்த பேச்சு இருக்கே! எழுதிக் கொடுத்த வசனத்தில் பாதி ‘டொக்டர், இது என்ன?’ என்ற மாதிரித்தான். அதை இவர் கேட்டால் எங்களுக்கும் பதில் தெரிந்தாகவேண்டும் போல இருக்கும்.

துவாரகா: மாமா, 76ஐச் சொல்லுங்கோ. மாமி கேட்டிருக்க மாட்டா.

சாந்தி மாமி: கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத கதையோ?

தேவன் மாமா: 1976 அக்டோபர். நான் படிக்க வந்து ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கார அம்மாவின் முன்னறையில் கறுப்பு வெள்ளை ரீவி. டொக்டராக டொம் பேக்கர். அவருக்குச் சொந்தக் கிரகத்திலிருந்து அழைப்பு வருகிறது. மனிதரை அங்கே கூட்டிப் போக முடியாது. இது தெரியாமல் சாரா ஜேன் கோபித்துக்கொண்டு, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று சாமான் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். கையில் பூந்தொட்டி, ஒரு பொம்மை ஆந்தை. தடுப்பார் என்றுதானே சொன்னது? அவர் உண்மையாகவே போகச் சொன்னதும் அந்த முகம் மாறும். அழுகை கிடையாது, கட்டிப்பிடிப்பது கிடையாது. தெருவில் இறங்கி, அங்கே கிடந்த நாயோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, விசிலடித்துக்கொண்டு நடக்கிறார். வீட்டுக்கார அம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தா. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

துவாரகா: அந்த விசில் அவர் அடித்ததில்லை! அவருக்கு விசிலடிக்க வராது. இயக்குநர் லெனி மேன்தான் அடித்தார்.

தேவன் மாமா: ஓம். என்னைச் சாகடிக்கவும் வேண்டாம், யாருக்கும் கட்டிக் கொடுக்கவும் வேண்டாம் என்று முதலே கேட்டுக்கொண்டவர். அந்தக் கடைசிக் காட்சியையும் அவரும் பேக்கரும் சேர்ந்துதான் திருத்தினார்கள். அப்போது ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இவள் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டாள்.

தேவன் மாமா: இன்னொன்று. அவர் போட்டிருந்த உடுப்பில் சிவப்புக் கோடு என்பது டிவிடி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சாந்தி மாமி: சிவப்போ பச்சையோ, அந்த மனுசன் திரும்பி வந்தாரோ இல்லையோ?

துவாரகா: 30 வருடம் கழித்து, மாமி. 2006. ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ கள்ள வேலை நடக்கிறது என்று சாரா ஜேன் துப்பறிய வருகிறார். இருட்டில் ஒரு அறைக்குள் போனால் அந்த நீலப் பெட்டி. அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே வந்து திரும்பினால், வேறு முகத்தோடு டொக்டர். டேவிட் டெனன்ட். செத்துப் போனீர்கள் என்று நினைத்தேன், ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறார். அதுவும் அன்றைக்கு அவருடைய ஊர் குரொய்டன் என்று சொல்லி இறக்கிவிட்டது குரொய்டனே இல்லையாம், அபர்டீன்!

சாந்தி மாமி: குரொய்டன் என்று சொல்லி ஸ்கொட்லாந்திலோ? மினிகாப்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

அபி: எங்கள் அம்மா இங்கிலிஷ் நாடகமே பார்க்காத ஆள். இதை மட்டும் நின்றபடியே முழுக்கப் பார்த்தா. விட்டுவிட்டுப் போனவர் 30 வருடம் கழித்து வந்து நிற்கிற கதை. எங்கள் ஆட்களுக்கு இதில் சப்டைட்டில் தேவையில்லை.

துவாரகா: எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிது. 2007 புத்தாண்டன்று சாரா ஜேனுக்கென்றே தனித் தொடர் தொடங்கியது, சிறுவருக்காக. அவருக்கு 60 வயது. அந்த வயதில் ரீவியில் பெண்களுக்குக் கிடைப்பது யாருடையதோ பாட்டி வேடம். இவர் உதட்டுச்சாய வடிவத்தில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேற்றுக்கிரக ஆட்களை விரட்டினார். மேல்மாடிக்கு மேலே கூரைக்குள் ஒரு கொம்பியூட்டர், பெயர் மிஸ்டர் ஸ்மித். வீடு எங்கே தெரியுமா? 13, பனர்மன் வீதி, ஈலிங்!

சாந்தி மாமி: எங்கள் ஈலிங்கோ?

துவாரகா: ஓம்! கனகதுர்க்கை அம்மன் கோவிலால் வரும்போது அப்பாவைத் தெருத்தெருவாகச் சுற்ற வைத்தேன், அந்த வீட்டைத் தேடி.

தேவன் மாமா: அது வேல்ஸில் பெனார்த்தில் எடுத்தது, பிள்ளை.

துவாரகா: 8 வயதில் இதை யார் எனக்குச் சொன்னார்கள்? 😭

துவாரகா: எதிர்வீட்டுக்கு ரானி சந்திரா குடிவந்ததும்தான் பைத்தியம் முற்றியது. அஞ்சலி மொஹிந்திரா நடித்தது. அப்பா ஹரேஷ் பள்ளிக்கூட அதிபர், அம்மா கீதா பூக்கடை வைத்திருக்கிறா. ரானிக்கு சாரா ஜேன் மாதிரிப் பத்திரிகையாளராக வரவேண்டும். எனக்கும்.

அபி: நீ கணக்காளராக அல்லவா இருக்கிறாய்.

துவாரகா: மனதளவில் பத்திரிகையாளர்.

தேவன் மாமா: 2008இல் டாவ்ரோஸ் இவரைக் கண்டு அடையாளம் பிடிக்கிற இடத்தை விட்டுவிட்டாய். 1975 கதையில் சந்தித்த வில்லன், 33 வருடம் கழித்து நினைவு வைத்திருக்கிறான். பழைய ஆட்களுக்கு அது தீபாவளி.

சாந்தி மாமி: எப்படிச் செத்தவர்?

துவாரகா: புற்றுநோய், மாமி. 65 வயதுதான். நோய் இருந்தது வெளியே தெரியாது. ஐந்தாவது தொடருக்கு மூன்று கதைதான் எடுத்து முடித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது ஆங்கிலப் பிள்ளை, சோமாலியப் பிள்ளை, நான், எல்லாரும் ஒரு மேசையில் பேசாமல் இருந்தோம். அந்த மூன்று கதையையும் அக்டோபரில் போட்டார்கள். கடைசியில் மரண அறிவித்தல் மாதிரி எதுவும் இல்லை. கதை என்றென்றும் தொடர்கிறது என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள்.

அபி: 2020இல் ஒன்று வந்ததே.

துவாரகா: அதே ஏப்ரல் 19, லொக்டவுன் நேரம். சாரா ஜேன் தொடரை உருவாக்கிய ரசல் டி டேவிஸ் எழுதி, நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து நடித்து இணையத்தில் விட்டார்கள். சாரா ஜேனின் செத்தவீடு. ஆனால் உண்மையிலேயே செத்தாரா என்று ஒரு சந்தேகத்தையும் வைத்தார்கள்.

சாந்தி மாமி: பெரியக்காவின் செத்தவீட்டை நாங்கள் சூமில் பார்த்ததும் அந்த மாதம்தான்.

துவாரகா: ஓம் மாமி.

தேவன் மாமா: இப்போது ஒலி நாடகங்களில் சாரா ஜேனாக அவருடைய மகள் சேடி மில்லர் பேசுகிறா. ஒன்றிரண்டு கேட்டேன். குரல் சில இடத்தில் ஆளை உலுக்கும்.

சாந்தி மாமி: சரி, எனக்கும் ஒன்று போட்டுக் காட்டுங்கோ. எதிலிருந்து தொடங்க?

தேவன் மாமா: 1973. முதல் கதை. வேறு பேச்சே இல்லை.

துவாரகா: மாமா, மாமி ஐந்து நிமிடத்தில் நித்திரை. 2007இலிருந்து பார்க்கட்டும்.

சாந்தி மாமி: எனக்குக் கீதாவின் பூக்கடை வருகிறதைப் போடு.

துவாரகா: அப்படியென்றால் 2008, ரானி குடிவருகிற கதை. ஆனால் அதில் பிள்ளைகளைப் பிடிக்கிற கோமாளி வரும் மாமி, கொஞ்சம் பயமாக இருக்கும். கோமாளி பிராட்லி வோல்ஷ்.

சாந்தி மாமி: தி சேஸ் வினாடி வினா பிராட்லியோ??

துவாரகா: அவரேதான். கூரைக்குள் இருக்கிற கொம்பியூட்டரின் குரல் பொயின்ட்லெஸ் வினாடி வினா அலெக்சாண்டர் ஆம்ஸ்ட்ரோங்.

சாந்தி மாமி: இதை முதலே சொல்லியிருந்தால் விடியவே பார்த்திருப்பேன். 7 மணிக்கு வா, றிமோட் மாமாவிடம் இருக்கு, வாங்கி வைக்கிறேன்.