விடாத காய்ச்சல்: முதலில் யாரைப் பார்ப்பது?

அப்பாவுக்கு வயது 58, சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. மூன்று வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல் விட்டபாடில்லை. காலையில் நன்றாகத்தான் இருக்கிறார், சாயங்காலம் ஆனால் குளிர் நடுக்கத்தோடு ஏறி 102 வரை போகிறது, பாராசிட்டமால் போட்டதும் இறங்கி, நடு ராத்திரியில் பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இருமல், சளி, நீர்க்கடுப்பு இல்லை. மூட்டு வலி கொஞ்சம் உண்டு. பசி சுத்தமாகப் போய்விட்டது, பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் முதலில் வைரல் என்றார், அப்புறம் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார், பலன் இல்லை. டெங்கு, மலேரியா, டைபாய்டு எல்லாம் நெகட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் நார்மல். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, ஆனால் அதை எடுத்ததே ஆன்டிபயாடிக் ஆரம்பித்த பிறகுதான், அதனால் அந்த ரிசல்ட்டை நான் பெரிதாக நம்பவில்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் எகிறிக் கிடக்கின்றன, ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வருகிறது. எக்கோ (இதய ஸ்கேன்), சிடி ஸ்கேன், காசநோய்ப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை.

இனி ஸ்பெஷலிஸ்ட்டிடம் போங்கள் என்கிறார் டாக்டர், எந்த ஸ்பெஷலிஸ்ட் என்றால் தெளிவான பதில் இல்லை. தொற்றுநோய் நிபுணர் என்கிறார் ஒருவர், மூட்டு வலி இருப்பதால் ருமட்டாலஜிஸ்ட் என்கிறார் இன்னொருவர், ரத்தம் குறைவதால் ஹெமட்டாலஜிஸ்ட் என்று மூன்றாவது ஆள். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க அப்பாவுக்குத் தெம்பில்லை.

இதே மாதிரி காரணம் பிடிபடாத காய்ச்சலைப் பார்த்தவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் முதலில் யாரிடம் போக வேண்டும்?