போட்டிக்கு 11 வாரம், குதிகால் ஒத்துழைக்கவில்லை: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ட்ரையத்லானில் வயதுப் பிரிவு சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து. இடம் கிடைத்த நாளிலிருந்தே ஒன்று மாற்றி ஒன்று.

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்தது. அது ஆறிவிட்டது, விடுங்கள். பெரிய தொல்லை குதிகால் தசைநார் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான். கொஞ்சம் நடந்தால் இளகிவிடும். அதை நம்பி ஓடித்தான் இன்னும் கெடுத்துக்கொண்டேன், என் தப்புதான். இப்போது பிசியோ சொன்னபடி படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி: காலை, மாலை 3 சுற்று, சுற்றுக்கு 15 தடவை. மொத்தம் 12 வாரம் செய்ய வேண்டும். 3 வாரம்தான் முடிந்திருக்கிறது. மீதி 9 வாரம் முடியும்போது போட்டிக்கு 2 வாரம்தான் இருக்கும். கணக்கு உதைக்கிறது!

அதனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நீச்சல் குளத்தில் இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு கால் தரையில் படாத ஆழத்தில் ஓடுகிறேன். இப்படியே தயாராகி யாராவது 10 கி.மீ. முடித்ததுண்டா? தரையில் ஓட எப்போது திரும்பினீர்கள், முதல் வாரம் எவ்வளவு தூரம்?

அப்புறம் இன்னொன்று. தண்ணீர் 22 டிகிரியைத் தொட்டால் எங்கள் பிரிவுக்கு வெட்சூட் (உடம்பை மிதக்க வைக்கும் ரப்பர் நீச்சல் உடை) கிடையாது. அது இல்லாவிட்டால் என் கால்கள் கல்லாட்டம் கீழே போகின்றன. இதற்கு என்ன பயிற்சி செய்தீர்கள்?